முறைவேலை போய் முகாம் வந்தது

மூலக்குளத்தைத் தாண்டி, ரெட்டியார்பாளையம் வழியாக இந்திரா காந்தி சதுக்கத்துக்கு வரும் வில்லியனூர் சாலையில் எங்கே இறங்கி நின்றாலும் இன்று ஒரு வயல் கண்ணில் படாது. நகைக்கடை, மருந்துக்கடை, கல்யாண மண்டபம், அடுக்குமாடி, மறுபடியும் மருந்துக்கடை. உழவர்கரை என்ற பேரை நகராட்சி லாரியின் பக்கவாட்டில் படித்தால்தான் இது உழவர்கள் இருந்த பூமி என்பதே நினைவுக்கு வரும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையால் தங்கள் இந்தியப் பகுதிகளில் கொம்யூன் என்ற 10 உள்ளாட்சிப் பிரிவுகளை ஏற்படுத்தியபோது, புதுச்சேரி வட்டாரத்துக்குக் கிடைத்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். பட்டணத்துக்கு மேயர் என்றால் உழவர்கரைக்கும் ஒரு மேயர். ஆனால் பட்டணம் கடலைப் பார்த்திருந்தது. உழவர்கரை ஏரியையும் வாய்க்காலையும் பார்த்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். பட்டணத்துக்கு அரிசியும் காய்கறியும் பாலும் அனுப்பிய ஊர், பட்டணத்தையே மிஞ்சிவிட்டது.

இந்த மாற்றத்தில் கட்டடங்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. பொதுக்காரியம் என்ற ஒன்று இந்த ஊர் மனிதனின் நாளில் எந்த இடத்தில் இருந்தது, இப்போது எந்த இடத்துக்குப் போயிருக்கிறது என்பதுதான்.

அன்றைக்குத் தொண்டு என்று தனியாக ஒன்று கிடையாது. முறை என்று ஒன்று இருந்தது. புதுச்சேரி வட்டார ஏரிக் கிராமங்களில் ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும், கரையில் முளைத்ததை வெட்ட வேண்டும், மதகைப் பார்க்க வேண்டும். தமுக்கு அடித்தால் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் ஊர் கேட்கும். அடுத்த முறை தண்ணீர் பாயும்போது அவன் வயல் கடைசியாகத்தான் பாயும். புண்ணியத்துக்காக யாரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. தன் நாற்று காயக்கூடாது என்பதற்காகத் தூக்கினார்கள். பக்கத்து வயல்காரன் நாற்றும் அதோடு சேர்ந்து பிழைத்தது.

பிரெஞ்சு நிர்வாகம் இதைக் கண்டு, ‘சேந்திகா அக்ரிகோல்’ என்ற பெயரில் பாசனக்காரர் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. நிலம் வைத்திருப்பவர்கள் பொதுநிதிக்குப் பணம் கட்டுவார்கள். அந்த நிதியிலிருந்து ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பராமரிப்பு நடக்கும். எல்லைக்கு அப்பால், நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் பிரிட்டிஷ் கிராமங்களில் வேறு கதை. குடிமராமத்து என்ற இதே ஊர்வேலை குறைந்துகொண்டே போகிறது என்று பார்த்த சென்னை ராஜதானி 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. வராதவனைச் சட்டத்தைக் காட்டி இழுத்து வரலாம் என்று நினைத்தார்கள். ஊர் தானாகச் செய்துவந்த வேலைக்குச் சட்டம் போட வேண்டி வந்ததே, ஊருக்குள் ஏதோ அறுந்துபோயிருந்ததற்கு அடையாளம்.

இந்த இடத்தில் நிறுத்தி, அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். முறைவேலையின் கணக்குப் புத்தகத்தைச் சேரியிலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். தமுக்கு அடித்தவர் யார்? இரவில் மதகைக் காவல் காத்து, தண்ணீரைக் கட்டிக் கட்டித் திருப்பிவிட்டவர் யார்? செத்த மாட்டைத் தூக்கியவர், சுடுகாட்டில் நின்றவர் யார்? இவர்களுக்கு முறை மாறி வரவில்லை. பிறப்பிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. களத்தில் அளந்துபோட்ட கொஞ்சம் நெல்தான் சம்பளம். அவர்கள் பாய்ச்சிய தண்ணீரில் பங்கு கேட்க அவர்களுக்கு நிலம் இல்லை. பொதுக்கிணற்றில் இறைக்க உரிமையும் இல்லை. நிலக்காரர்களின் சங்கத்தில் நிலமில்லாதவனுக்கு ஏது நாற்காலி? காந்தி தம் ஹரிஜன யாத்திரையில் 1934 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தபோது பேசியது தீண்டாமையைப் பற்றி. அந்தப் பேச்சுக்குத் தேவை இருந்த ஊர்தான் இது. ஆகவே முறைவேலை போனதற்காக முழுசாக அழ எனக்கு மனம் வரவில்லை. பாதி அழுதால் போதும்.

தானாக முன்வந்து செய்த தொண்டுக்கும் உழவர்கரையில் ஒரு பழங்கதை உண்டு. புதுச்சேரி முழுக்கத் தெரிந்த கதை. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கு எரியும் அழகான மாளிகை ஒன்றைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். ஆயியோ, தானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். முத்திரையர்பாளையத்தில் இருக்கிறது அந்தக் குளம். கதை உண்மையோ இல்லையோ, தண்ணீர் உண்மை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பட்டணத்துக்கு நல்ல குடிநீர் இல்லாமல் தவித்தபோது, லமெரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்து நீரை வாய்க்கால் வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். அதன் நினைவாக எழுந்ததுதான் பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னமும் அதுவே. கவர்னர் மாளிகைக்கு எதிரே ஒரு தாசிக்கு மண்டபம் நிற்பது இந்தியாவில் வேறு எங்கே உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பத்தில் ஒருவர்கூட முத்திரையர்பாளையம் வரை வருவதில்லை. கொடுத்த இடத்தை விட்டுவிட்டு, வாங்கிக்கொண்ட இடத்தில் மண்டபம்.

முறைவேலை எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படியும் முடிந்தது. இடையிலும் அதற்குப் பிறகும் மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. போர் போட்டவனுக்கு ஏரி எதற்கு? ஊர்ப் பெரிய நிலக்காரர்தான் முதலில் போர் போட்டார். சங்கக் கூட்டத்துக்கு வருவதை முதலில் நிறுத்தியவரும் அவரே. அவர் வராத கூட்டத்தில் வரி வசூலிக்க யாருக்குத் துணிச்சல்? ஏரிகள் பொதுப்பணித்துறையின் கைக்குப் போயின. தூர்வார டெண்டர் வந்தது. ஊருக்கு மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. தூக்கக் காரணம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

உழவர்கரையில் அதற்கும் மேலே ஒரு படி. ஏரி மட்டுமல்ல, ஏரி பாய்ந்த வயலே போய்விட்டது. வயலை மனையாக்கி, மனைக்கு நடுவில் கல் நட்டு, ‘நகர்’ என்று பேர் வைத்தார்கள். இந்த நகர், அந்த நகர், புதுநகர், விரிவு நகர். வாய்க்கால் ஒவ்வொன்றும் ஒடுங்கி, மேலே சிமென்ட் பலகை போட்டு மூடப்பட்டு, சில இடங்களில் அதன் மேல் ஒரு பெட்டிக்கடையும் வந்து உட்கார்ந்தது.

இன்றைக்கு வருவோம்.

இன்று உழவர்கரையில் பொதுத்தொண்டு செய்பவர்கள் அன்றைவிடக் குறைவு என்று சொன்னால் அது பொய். பள்ளி, கல்லூரி எங்கும் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ரத்ததானக் குழுக்கள் இருக்கின்றன. மரம் நடுகிறவர்கள், தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்கள், இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கதிர்காமம் பக்கத்துக் கனகன் ஏரியில் மாணவர்களும் தன்னார்வலர்களும் இறங்கிக் குப்பை அள்ளியிருக்கிறார்கள். 2016 முதல் 2021 வரை துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி வாரக்கடைசிக் காலைகளில் ஏரி, வாய்க்கால் என்று அதிகாரிகளை அழைத்துக்கொண்டு சுற்றினார். அவருடைய அரசியலைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாய்ச் சொல்வார்கள், ஆனால் அவர் போய்ப் பார்த்த பிறகுதான் சில வாய்க்கால்கள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்வார்கள். 2019இல் மாவட்ட ஆட்சியர் அருண் காலத்தில் ‘நீரும் ஊரும்’ என்ற பெயரில் மாவட்டக் குளங்களை மக்களைச் சேர்த்துக்கொண்டு தூர்வாரும் வேலை நடந்தது. நல்ல வேலை.

சாதி பார்த்து ஆள் பிடிக்காத வேலை என்பது அதில் முக்கியம். இன்று ஏரிக்கரையில் குப்பைச் சாக்கு தூக்கும் பெண்ணை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. முறைவேலைக் காலத்தில் பெண்ணுக்கு அந்தக் கரையில் இடமே இல்லை. சமத்துவம் என்ற அளவில் பார்த்தால் இன்றுதான் மேல், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் தொண்டு நாளிலிருந்து கழன்று, நாள்காட்டிக்குப் போய்விட்டது. அக்டோபர் 2 வந்தால் துடைப்பம். ஜூன் 5 வந்தால் மரக்கன்று. ஞாயிறு காலை ஆறரைக்குத் தொப்பி, கையுறை, பதாகை, எட்டரைக்கு இட்லி, ஒன்பதுக்கு வாட்ஸ்அப்பில் படம். திங்கட்கிழமை அதே ஏரிக்கரைக்கு வேறு யாரோ மீன் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டுகிறவருக்கும் அள்ளியவருக்கும் அந்த ஏரியின் தண்ணீர் வேண்டியதில்லை. இருவர் வீட்டுக்கும் குழாயில்தான் வருகிறது. அள்ளியவர் நல்லவர், கொட்டியவர் கெட்டவர் என்று பிரித்துப் பேசினால் நமக்கு மனசு ஆறும், வேறொன்றும் நடக்காது. மதகு முறை இருந்த ஊரில் வாய்க்காலில் குப்பை போட்டவனைப் பிடிக்கக் காவலாளி தேவைப்படவில்லை. கீழ்மடை வயல்காரனே வந்து சட்டையைப் பிடிப்பான்.

நம் காலத்துப் பொதுச்சொத்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டதும் ஒரு காரணம். வாய்க்கால் அடைத்தால் ஊருக்கே தெரியும். பாதாளச் சாக்கடை அடைத்தால் யாருக்குத் தெரியும்? 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், சாக்கடைக் குழாயிலிருந்து கழிப்பறை வழியாக ஏறி வந்த நச்சுவாயு ஒரு சிறுமி உட்பட மூன்று பெண்களைக் கொன்றது. முதலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே சுருண்டு விழுந்தார். ஆபத்தில் ஓடிப்போய்க் கைகொடுக்கும் பழக்கம் இந்த ஊர் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம். கழிப்பறையின் நீர்த்தடுப்பு வளைவு, மூடியைத் திறக்கும் முன் வாயுவைப் பார்க்கும் கருவி, அடைப்பு என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற விவரம் ஆகியவை தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். மதகுக் கட்டையை எத்தனை சாண் தூக்கினால் எவ்வளவு தண்ணீர் போகும் என்று அன்று பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் மார்பளவு தண்ணீர்; விடியற்காலையில் ராணுவம் படகோடு வந்து ஆட்களை மீட்டது. ராணுவம் வருவதற்கு முன்பும் போன பிறகும், கயிறும் டியூபும் பால் பாக்கெட்டுமாகத் தெருப் பையன்கள் இறங்கியிருந்தார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலிலும் இப்படித்தான். மரம் அறுத்துப் பாதை திறந்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள். புயலுக்கு உழவர்கரை எப்போதும் நன்றாக எழுந்து நிற்கும். புயல் இல்லாத பதினொரு மாதம்தான் பிரச்சினை. கிருஷ்ணா நகர்த் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வடிய வேண்டும், அது எங்கே குறுகுகிறது என்று அக்டோபரிலேயே நடந்து பார்த்திருந்தால் என்ற கேள்வியை, மறுநாள் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்களே கேட்டார்கள்.

கேட்டவர்கள் யாரிடம் கேட்பார்கள்? இங்கேதான் புதுச்சேரியின் விசித்திரம் ஒன்று குறுக்கே வருகிறது. வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். இந்த யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. மூன்று லட்சம் பேர் வாழும் நகராட்சிக்கு வார்டு கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை, ஆணையர்தான் எல்லாம். 1880இலிருந்து மேயர் வைத்திருந்த ஊர்! பிரெஞ்சுக் காலத்து மேயர் தேர்தல்கள் அடிதடிக்கும் கள்ள ஓட்டுக்கும் பேர்போனவை. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும், சாக்கடை அடைத்தால் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தது. கடற்கரையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த பட்டணத்து மேயர் அலுவலகமான மேரி கட்டடத்தை உலக வங்கிக் கடனில் அச்சு அசலாகத் திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே உட்கார மேயர்தான் இல்லை. கவுன்சிலர் இல்லாத வார்டில் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பாதிக் கவுன்சிலராகிவிடுகிறார். மனு எழுதுகிறார், அலைகிறார், கடைசியில் யாராவது எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கிறார். அவருடைய தொண்டில் முக்கால்வாசி காத்திருப்பது.

தினப்படி நடக்கும் தொண்டு உழவர்கரையில் எங்கே இருக்கிறது என்று தேடினால், எனக்குக் கோரிமேடுதான் முதலில் தோன்றும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர்; 1964 ஜூலை 13 முதல் அந்தப் பேரோடு மத்திய அரசு நிறுவனமாக நடக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வருபவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு கிடைக்கும். கூட வந்தவருக்கு? வெளியே கஞ்சியோ சாம்பார் சாதமோ கொண்டுவந்து ஊற்றுகிறவர்கள் பதாகை பிடிப்பதில்லை. சிலர் சன்மார்க்க வழியில் வந்தவர்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே 23இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது இந்தப் பக்கத்தில் வெறும் வரலாறு அல்ல. பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சிலர் பிறந்தநாளுக்குக் கொடுக்கிறார்கள், சிலர் திதிக்கு. கொடுக்கும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பசிக்கும் நேரம் மாறாது. அதனால்தான் அது நிற்கிறது. ஏரியை ஒரு ஞாயிறு தவறவிட்டால் யாரும் கேட்பதில்லை. கஞ்சியை ஒரு நாள் தவறவிட்டால் வரிசையில் தட்டோடு நிற்பவர் கேட்பார்.

ஆடி மாதக் கூழும் இந்த வகைதான். மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா ஏறும்போது கேழ்வரகு ஒரு வீடு, நொய் ஒரு வீடு, வெங்காயம் ஒரு வீடு என்று சேர்வது, அடுக்குமாடி வந்த தெருக்களிலும் நின்றபாடில்லை. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஐ.டி. தம்பதியும் குண்டானோடு கீழே இறங்கி வருகிறார்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. ஒரு நாளைக்காவது எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பழைய முறையையும் புதிய நியாயத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு முயற்சியும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 1999 முதல் 2008 வரை புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. ஏரிச் சங்கங்களை மறுபடி அமைத்தார்கள். இம்முறை நிலக்காரர்களோடு நிலமில்லாதவர்களும் பெண்களும் உறுப்பினர்கள். வேலையில் ஒரு பங்கை ஊரே தர வேண்டும் என்றும் வைத்தார்கள். சேந்திகாவில் இல்லாத நாற்காலியை நூறாண்டு கழித்துப் போட்டார்கள் என்று சொல்லலாம். திட்டம் முடிந்ததும் எல்லாச் சங்கமும் ஒரே சூட்டில் நடக்கவில்லை. மீன் குத்தகை, மர ஏலம் என்று கையில் வருமானம் உள்ள ஏரியில் கூட்டம் கூடும். வெறும் கடமை மட்டும் மிஞ்சிய ஏரியில் நோட்டீஸ் பலகை துருப்பிடிக்கும். கிராமத்துக்கு இது சரி. வயலே இல்லாத உழவர்கரைக்கு எதை வைத்துச் சங்கம் கூட்டுவது?

என்னைக் கேட்டால், வெள்ளத்தை வைத்துக் கூட்டலாம். மழைநீர் வடிகால்தான் இன்றைய வரத்து வாய்க்கால். மேல்தெருக்காரன் போட்ட பிளாஸ்டிக் கீழ்த்தெருக்காரன் வீட்டுக்குள் தண்ணீரை ஏற்றும். கீழ்மடைக்காரனின் கோபம் அங்கே மறுபடி பிறக்கும். ஆள் பலமும் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். இப்போது அந்த மணிகள் ஏரி, பேரணி, கருத்தரங்கு, மரம் நடுதல் என்று சிதறிப் போகின்றன. ஒரு கல்லூரிக்கு ஒரு வடிகாலைக் கொடுத்துவிட்டால்? தொடக்கத்திலிருந்து கடைசி மதகு வரை, அதே வடிகால், அதே தெருக்கள், இரண்டு ஆண்டும். எங்கே குறுகுகிறது, எந்த வீட்டுக் கழிவுக்குழாய் உள்ளே வருகிறது, எந்தப் பலகையைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த அணிக்கு ஒப்படைக்க வேண்டும். சாக்கடைக்குள் மாணவரை இறக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம், நியாயப்படியும் குற்றம். அவர்கள் பார்க்கட்டும், எழுதட்டும், தெருவைக் கூட்டி நகராட்சியை எந்திரத்தோடு வரவைக்கட்டும். புரட்டாசி கடைசி வாரத்துக்குள் நோட்டு ஆணையர் மேசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஐப்பசி யாருக்கும் காத்திருப்பதில்லை. கவுன்சிலர் தேர்தல் என்றைக்காவது வந்தால், வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது அதே நோட்டை அவர் கையில் கொடுத்து மூன்றாம் பக்கத்தைப் படிக்கச் சொல்லலாம்.